விளையாட்டுக்கும் ஒரு மேளக்காரர் வேணும்!

(இடம்: உடன்குடி. தலைப்பு: கணினி விளையாட்டுகள் இளைய தலைமுறையைக் கெடுக்கின்றனவா? வளர்க்கின்றனவா? ‘வளர்க்கின்றன’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! எரிமலையாய்க் குமுறிவிட்டு இப்போது அமைதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அம்மா அவர்களே! உடன்குடிப் பெருமக்களே! தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே! 

உடன்குடிக்கு வந்து பேசுவதிலே எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். என் அம்மா பிறந்தது இந்தப் பக்கத்துக் கிராமம்தான். முழுப்பரீட்சை லீவு விட்டால் மாமா வீட்டுக்கு ஓடி வந்துவிடுவோம். மாமா பனையேறி. விடியும் முன்னே மரத்தில் இருப்பார். கலயத்துப் பதனீரை அத்தை வாங்கிக் காய்ச்சுவாள். கூப்பனி பக்குவத்துக்கு வந்ததும் சிரட்டையிலே ஊற்றுவாள். ஒரு அண்டாப் பதனீர் அடுப்பிலே நின்று நின்று சுண்டி, கடைசியில் கையடக்கமாய் நாலு சில்லு. அந்தக் கருப்பட்டியை நீங்கள் ஞாபகத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாலே அதுக்கு வேலை இருக்கு!

சாயங்காலம் மேடை ஏறும் முன்னே ஒரு அண்ணாச்சி எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். “சார், நீங்க எந்த அணி?”ன்னார். “கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளை வளர்க்குதுன்னு பேசப் போறேன் அண்ணாச்சி”ன்னேன். மனுஷன் கொடுத்த காப்பியைத் திருப்பி வாங்கப் பார்த்தார்! (சிரிப்பு)

“என்ன அண்ணாச்சி?”ன்னேன். “சார், எம் பையன் ப்ளஸ் டூ படிக்கான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னல பண்ணுதேன்னு கேட்டா, ‘விளையாட்டுக்கு மியூசிக் போடப் போறேன்’கான். விளையாட்டுக்கு எதுக்கு சார் மியூசிக்? அது ஒரு பொழப்பா?”ன்னு கேட்டார்.

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா அரை மணி நேரம் பேசினதைவிட இந்த ஒரு கேள்வி என்னைக் குத்திட்டுது. ஏன்னா இதே கேள்வியை நான் என் வீட்டிலே, என் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். அதைக் கடைசியிலே சொல்கிறேன். முதலிலே அண்ணாச்சிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் காப்பி இன்னும் என் தொண்டையிலே இனிக்குது!

அதுக்கு முன்னாலே எதிரணி சொன்ன ஒன்றை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். செல்போனிலே காசு வைத்து ஆடிக் குடும்பம் குடும்பமாய் அழிந்ததாகச் சொன்னார்கள். உண்மை. அது விளையாட்டு இல்லை, சூது. சூதுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. 2022-லே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றமே காசு கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் சூதாட்டத்திலே பாண்டவர்கள் மாதிரி ஒருத்தன் நாட்டைத் தோற்றான் என்பதற்காகச் சடுகுடுவையும் சேர்த்துத் தடை பண்ணுவீர்களா? நான் பேசுவது கதை சொல்லுகிற, படம் வரைகிற, இசை கூட்டுகிற விளையாட்டைப் பற்றி. அந்த இசைக்காரரைப் பற்றி.

சரி. விளையாட்டுக்கு எதுக்கு இசை?

1978-லே ஜப்பானிலே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ன்னு ஒரு விளையாட்டு வந்தது. மேலேயிருந்து எதிரிகள் படைபடையாய் இறங்கி வருவார்கள், நாம் கீழேயிருந்து சுட வேண்டும். அதிலே இசை என்று பெரிதாய் ஒன்றும் கிடையாது. நாலே நாலு சுரம். டும்... டும்... டும்... டும்... அவ்வளவுதான். ஆனால் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாய் வருவார்கள். அந்த நாலு சுரமும் வேகமெடுக்கும். டும்டும்டும்டும்! ஆடுகிறவன் நெஞ்சும் கூடவே அடிக்கும். நாலு சுரத்தை வைத்து மனுஷனை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்!

அடுத்து 1985. கோஜி கோண்டோ என்று ஒரு இளைஞர். படிப்பு முடித்த கையோடு 1984-லே நின்டெண்டோ நிறுவனத்திலே சேர்ந்தவர். ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டுக்கு இசை போடச் சொன்னார்கள். எத்தனை வயலின் கொடுத்தார்கள் தெரியுமா? வயலினே கிடையாது. அந்த இயந்திரத்திலே ராகம் பாட மூன்று குரல், தாளம் தட்ட ஒரு இரைச்சல். அந்த மூன்றிலேயும் ஒன்றை மாரியோ குதிக்கிற சத்தத்துக்குக் கடன் கொடுக்கணும்! கதை, படம், இசை எல்லாம் சேர்த்து முழு விளையாட்டுக்கும் இடம் நாற்பது கிலோபைட். இன்றைக்குப் பேத்தி பிறந்தநாளுக்கு உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோ அதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

இப்போ அத்தையின் அடுப்பை நினைத்துப் பாருங்கள்! அண்டாவிலே கொதிக்கிற பதனீரைச் சுண்ட வைத்து ஒரு சிரட்டைக்குள்ளே அடக்கின மாதிரி, மனசிலே ஓடுகிற இசையை எல்லாம் சுண்ட வைத்து அந்த நாற்பது கிலோபைட்டுக்குள்ளே அடக்கினார் அந்த மனிதர். சுண்டச் சுண்டத்தானே இனிப்பு ஏறும்? (கைத்தட்டல்)

இன்னும் கேளுங்கள். மாரியோ தரையிலே ஓடினால் ஒரு மெட்டு. தண்ணீருக்குள்ளே இறங்கினால் தாளமே மாறும். மூன்று மூன்றாய் எண்ணுகிற நடை, அலையிலே மிதக்கிற மாதிரி. பாதாளத்துக்குள்ளே போனால் வேறு. நேரம் முடியப் போகிறது என்றால் அதே மெட்டு ஓட்டமெடுக்கும். அந்த மெட்டை 2023-லே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலே சேர்த்தது. விளையாட்டு இசை அந்தப் பட்டியலிலே ஏறினது அதுதான் முதல் தடவை.

“சார், ஜப்பான்காரன் கதை இருக்கட்டும், நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”ன்னு அங்கே ஒரு பெரியவர் முறைக்கிறார். வருகிறேன் அய்யா.

சினிமாவுக்கு இசை போடுகிறவருக்குக் காட்சியை முடித்துக் கையிலே கொடுத்துவிடுவார்கள். காதலன் ஓடி வர இருபது நொடி, காதலி திரும்ப நாலு நொடி, கட்டிப்பிடிக்க... அதை விடுங்கள்! (சிரிப்பு) நொடிக் கணக்குத் தெரியும். அளந்து தைத்துவிடலாம். விளையாட்டுக்கு இசை போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பையன் குகை வாசலை ஒரே நிமிஷத்தில் தாண்டுவான். இன்னொருத்தன் பயந்துபோய்ப் பத்து நிமிஷம் அங்கேயே நிற்பான். மூன்றாமவனை அம்மா முட்டை வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுவாள்! இசை என்ன செய்யணும்? அவன் நின்றால் நிற்கணும். ஓடினால் ஓடணும். திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்கக் கூடாது. கடைசிச் சுரம் முதல் சுரத்தோடு ஒட்டு தெரியாமல் சேரணும். எந்த இடத்திலே வெட்டினாலும் வெட்டின தழும்பு தெரியக் கூடாது.

அதுக்கு அடுக்கடுக்காய் இசை செய்து வைப்பார்கள். அடியிலே அமைதியாய் ஒரு தந்தி. எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் அதன்மேலே ஒரு முரசு. கத்தி எடுத்தால் அதற்கு மேலே ஒரு எக்காளம். ஆபத்து தீர்ந்தால் ஒவ்வொன்றாய் உரித்துக்கொண்டு மறுபடி தந்தி மட்டும். 1991-லே ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்திலே, ஆடுகிறவன் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடந்தால் மெட்டும் அறுபடாமல் அவனோடு நடந்துபோய் மாறுகிற மாதிரி செய்து காட்டினார்கள். உலகமே வாயைப் பிளந்தது.

நான் கேட்கிறேன், இதைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கணுமா? கரகாட்டம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்! அம்மாடி, எத்தனை கை! நையாண்டி மேளத்திலே நாதஸ்வரக்காரர் கண் எங்கே இருக்கும்? ஆடுகிற பெண்ணின் காலிலே இருக்கும். அவள் காலை எடுத்து வைத்தால் தவில் பேசும். குனிந்து தரையிலே கிடக்கிற ஊசியைக் கண் இமையாலே எடுக்கப் போனால் தவில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டாளா? அப்போ ஒரு உருட்டு உருட்டுவார் பாருங்கள்! எத்தனை நிமிஷம் ஆகும் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா? இல்லை. ஆட்டம் முடிகிறபோதுதான் அடி முடியும்.

கரைவலை இழுக்கிறபோது நம் கடற்கரைக்காரர்கள் அம்பா பாடுவார்கள். வலை கனத்தால் பாட்டு இழுபடும். வலை லேசானால் பாட்டு துள்ளும். பாட்டின் வேகத்தை வைத்தே எவ்வளவு மீன் என்று கரையிலே நிற்கிற பெண்கள் கணக்குப் போடுவார்கள்! குலசை தசராவுக்கு ஊர் ஊராய்க் கிளம்புகிற மேளத்தைக் கேளுங்கள். காளி வேஷம் கட்டினவர் நடந்தால் ஒரு அடி, ஆவேசம் வந்தால் ஒரு அடி.

என் பாடத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் மாதவியின் ஆட்டத்துக்கு முன்னே யார் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்? ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழ்க்காரன். அதிலே தண்ணுமைக்காரனின் இலக்கணம் என்ன? மற்றவர்கள் குறைக்கிற இடத்தை நிரப்பணும், மீறுகிற இடத்தை அடக்கணும். ஆடுகிறவருக்காகத் தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதுதான் அவன் கலை. பூம்புகாரிலே மத்தளத்தோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றால் தப்பா? அண்ணாச்சி, விளையாட்டுக்கும் ஒரு மேளக்காரர் வேணும்! (பலத்த கைத்தட்டல்)

“எல்லாம் சரி சார், பொழப்பு நடக்குமா?” அதுதானே அடுத்த கேள்வி?

இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். கொய்ச்சி சுகியாமா. ஜப்பானிலே தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் இசை போட்டுப் பேர் வாங்கினவர். ஒரு சதுரங்க விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு, கூட வந்த கருத்து அட்டையை எழுதி அந்த நிறுவனத்துக்குத் தபாலில் போட்டார். அதைப் பார்த்துத்தான் அவரைத் தேடி வந்தார்கள். 1986-லே ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டுக்கு இசையமைத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து! என் வயசுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்! அவர் 2021 செப்டம்பரிலே காலமானார். அதுக்கு இரண்டு மாதம் முன்னே டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலே உலக நாட்டு வீரர்கள் அணிவகுத்து நுழைந்தபோது முதலில் ஒலித்தது அவருடைய விளையாட்டு இசைதான்.

நொபுவோ உவெமாட்சு. இசைக் கல்லூரிப் படிப்பு கிடையாது, தானாய்க் கற்றுக்கொண்டவர். இசைத்தட்டு வாடகைக் கடையிலே வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அழைத்துக்கொண்டு போனார்கள். 1987-லே ‘ஃபைனல் ஃபேன்டசி’ வந்தது. இன்றைக்கு அவர் மெட்டுகளைப் பெரிய பெரிய இசைக்குழுக்கள் அரங்கிலே வாசிக்கின்றன, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள்.

நம் இந்திய வம்சாவளிக்காரர் நிதின் சாஹ்னி. இங்கிலாந்திலே பிறந்தவர். சட்டம் படிக்கப் போனார், கணக்கு வேலை பார்த்தார். நம் அப்பா அம்மாக்கள் விரும்புகிற எல்லா வாசலுக்குள்ளேயும் நுழைந்து நுழைந்து வெளியே வந்தவர்! கடைசியில் இசைதான். 2007-லே ‘ஹெவன்லி ஸ்வோர்ட்’, 2010-லே ‘என்ஸ்லேவ்ட்’ என்று இரண்டு பெரிய விளையாட்டுகளுக்கு இசையமைத்தார். 2019-லே இங்கிலாந்து அரசு அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

கிறிஸ்டோபர் டின் என்று ஒருவர். 2005-லே வந்த ஒரு விளையாட்டுக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலே ஒரு பாட்டுப் போட்டார். 2011-லே அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது. விளையாட்டுக்காகப் பிறந்த இசை ஒன்றுக்குக் கிராமி கிடைத்தது அதுதான் முதல் முறை. 2023-லே விளையாட்டு இசைக்கென்றே தனிக் கிராமி ஏற்படுத்திவிட்டார்கள். முதலில் வாங்கினவர் ஸ்டெஃபனி எகனோமு என்ற பெண்மணி.

“அதெல்லாம் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன். தமிழுக்கு என்ன?” இங்கேதான் என் நெஞ்சு நிமிர்கிறது!

கனடாவிலே, டொராண்டோவிலே, அபி என்ற நம் தமிழ்ப் பிள்ளை நண்பர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டு செய்தார். 2023 ஜூலை 31-லே வெளிவந்தது. அதன் பேர் என்ன தெரியுமா? ‘வெண்பா’! முப்பது வருஷமாய் நான் வகுப்பிலே வெண்பாவுக்கு இலக்கணம் நடத்துகிறேன். பையன்கள் தூங்குகிறான்கள். விளையாட்டுக்கு வெண்பா என்று பேர் வைத்தார்கள், உலகமே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கு! (சிரிப்பு, கைத்தட்டல்)

1988-லே கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா பேர் வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். துப்பாக்கி கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. கத்தி எடுத்தால் வெங்காயம் நறுக்கத்தான்! அம்மாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நைந்துபோய்ப் பாதி எழுத்து அழிந்துவிட்டது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி போகும், புட்டுக் குழலிலே எதை முதலில் போடணும் என்று ஆடுகிறவரே யோசித்துக் கண்டுபிடிக்கணும். மகனுக்கோ தமிழ் தூரமாகிக்கொண்டே போகிறது. அடுப்படிதான் அவனைக் கிட்டே கொண்டுவரப் பார்க்கிறது.

அதிலே இசை எப்படித் தெரியுமா? அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலிலே புதுசாய் மெட்டுக் கட்டியிருக்கிறார்கள். இசையமைத்தவர் ஆல்ஃபா சம்திங் என்ற பெயரிலே இயங்குகிறவர். கதையிலே வருஷம் நகர நகரப் பாட்டின் வாசனையும் மாறும். கேட்டால் எந்த வீட்டு ரேடியோவிலேயோ கேட்ட ஞாபகம் வரும். ஆனால் கேட்டிருக்க முடியாது, புதுப் பாட்டு! தமிழே தெரியாத ஒரு பிள்ளை எங்கோ உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இட்லி அவிக்குது! 2024 மார்ச்சிலே அமெரிக்காவிலே, தனி முயற்சியாய் விளையாட்டு செய்கிறவர்களுக்கான விழாவிலே பெரும் பரிசு. ஏப்ரலிலே லண்டனிலே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது. வெண்பா உலக அரங்கு ஏறிவிட்டது நடுவர் அவர்களே!

இப்போது நேர்மையாய் ஒன்று சொல்கிறேன். கைத்தட்டலுக்காக மட்டும் பேசிவிட்டுப் போனால் அண்ணாச்சி பையனுக்குத் துரோகம் பண்ணினவன் ஆவேன்.

இந்தத் தொழில் பூப்படுக்கை இல்லை. மாசம் பிறந்தால் சம்பளம் என்கிற நிச்சயம் பல பேருக்குக் கிடையாது. ஒப்பந்தத்துக்கு வேலை. ஒரு விளையாட்டு முடிந்தால் அடுத்ததைத் தேடணும். 2023, 2024 வருஷங்களிலே உலகம் பூராவும் விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பின. போதாக்குறைக்கு, இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் மெட்டுப் போட்டுத் தருகிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. எதிரணி அம்மா இதைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஆபத்து இல்லாத தொழில் எது? என் மாமா தினமும் உயிரைப் பனையுச்சியிலே வைத்துவிட்டு இறங்கினவர். இந்தத் தூத்துக்குடிக் கடலிலே முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடமானம் வைத்து மூழ்கினவர்கள். ஒரு நாள் சிப்பியிலே முத்து இருக்கும், பல நாள் சிப்பி மட்டும்தான் இருக்கும். அதுக்காக யாரும் அவர்களைப் பார்த்து “இது ஒரு பொழப்பா?”ன்னு கேட்கவில்லையே!

நடுவர் மணியடிக்கிறார். கடைசியாக, நான் பாக்கி வைத்த கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

எனக்கு ஒரே மகள். இன்ஜினியரிங் படித்தாள். சென்னையிலே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இரண்டு வருஷம் போச்சு. ஒரு நாள் போன் பண்ணி, “அப்பா, வேலையை விட்டுட்டேன். விளையாட்டுகளுக்கு மியூசிக் பண்ணப் போறேன்”ன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஊரெல்லாம் மேடை போட்டு ‘இளைஞர்களைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று முழங்குகிறவன் நான். “உங்கம்மா நகையை அடகு வச்சு உன்னைப் படிக்க வச்சது நீ விளையாடுறதுக்கா?”ன்னேன். போனை வைத்துவிட்டேன். எட்டு மாசம் பேசவில்லை. அவளுக்கு நான் சொல்ல வேண்டியதை அவள் அம்மா சொன்னாள். எனக்கு அவள் சொல்ல வேண்டியதையும் அவள் அம்மாவே சொன்னாள். நடுவிலே கிடந்து அல்லாடினது அந்தப் பாவப்பட்ட மனுஷிதான்.

அந்த வருஷம் மாமா ஊரிலே சுடலைமாடன் கோயில் கொடை. குடும்பத்தோடு போனோம். மகளும் வந்தாள். கையிலே ஒரு ஒலிப்பதிவுக் கருவி. கணியான் கூத்திலே மகுடம் அடிக்கிற பெரியவர் பக்கத்திலே போய் உட்கார்ந்தாள். “எதுக்கும்மா இதைப் பிடிக்கிற?”ன்னு அவர் கேட்டார். “ஒரு விளையாட்டுக்குத் தாத்தா. அதுல ஆடுறவன் நின்னா இசையும் நிக்கணும். அவன் ஓடினா இசையும் ஓடணும். எப்ப நிப்பான், எப்ப ஓடுவான்னு முன்கூட்டியே தெரியாது. அதுக்கு இசை பண்ணக் கத்துக்கிறேன்”ன்னாள்.

பெரியவர் வெற்றிலைப் பல்லு தெரியச் சிரித்தார். “ஏ தாயி, இதைத்தானே நாங்க காலங்காலமா பண்ணுதோம்! சாமி எப்ப இறங்கும்னு எங்களுக்கு யார் சொன்னா? சாமியாடி கால் மண்ணுல ஊனுத விதத்தைப் பாத்து அடிக்கணும். நம்ம கை அவருக்கு முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது”ன்னார். பிறகு ஒரு மணி நேரம் அவளுக்கு அடித்துக் காட்டினார். மந்த மகுடம் எப்படி, உச்ச மகுடம் எப்படி, எந்த இடத்திலே அடிக்காமல் விடணும்.

நான் பந்தக்கால் பக்கத்திலே நின்றுகொண்டிருந்தேன். என் டாக்டர் பட்டமும் என் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றது. என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எட்டு மாசமாய் நான் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடப் படி மிதிக்காத அந்தப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நிமிஷத்திலே புரிந்துகொண்டார். (கைத்தட்டல்)

அன்றைக்கு ராத்திரி நான் அவளிடம் பேசின ஒரே வார்த்தை, “சாப்பிட்டியா?” நம் ஊர் அப்பன்களுக்கு மன்னிப்புக் கேட்க அந்த ஒரு வார்த்தைதானே தெரியும்! அவளும் “சாப்பிட்டேன்ப்பா”ன்னாள். அவ்வளவுதான். இன்றைக்கு அவள் பழைய சம்பளத்திலே பாதிதான் சம்பாதிக்கிறாள். சில மாசம் அதுவும் கிடையாது. ஆனால் புதுசாய் மெட்டுப் போட்டால் முதலில் எனக்கு அனுப்புகிறாள். எனக்கு ராகமும் தெரியாது, விளையாடவும் தெரியாது. கேட்டுவிட்டு, “இந்த இடத்துல கொஞ்சம் அடிக்காம விடும்மா”ன்னு சொல்கிறேன். ஏதோ தெரிந்தவன் மாதிரி! (சிரிப்பு)

அண்ணாச்சி! எங்கே உட்கார்ந்திருக்கீங்க? ஆங், அங்கே இருக்கீங்களா! பையன் ப்ளஸ் டூவை ஒழுங்காய் முடிக்கட்டும், அதிலே மாற்றுப் பேச்சில்லை. ராத்திரி ரெண்டு மணி வேண்டாம், பத்து மணியோடு போதும் என்று சொல்லுங்கள். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவன் காதிலே மாட்டியிருக்கிறதைக் கழற்றி உங்கள் காதிலே மாட்டுங்கள். “நீ போட்ட மெட்டைக் காட்டுல”ன்னு கேளுங்கள். ஒன்றுமே இல்லை, சும்மா ஆடிக்கொண்டுதான் இருந்தான் என்றால் எதிரணி அம்மாவிடம் அனுப்பி வையுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்! உண்மையாகவே நாலு சுரம் கோத்து வைத்திருந்தான் என்றால், அவனைத் தசரா மேளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கரைவலை இழுக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். கொடைக்குப் போய் மகுடத்துக்குப் பக்கத்திலே உட்காரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலே அடுக்கத் தேவையான மென்பொருளைக் கற்றுக்கொள்ள இன்றைக்குக் காசு வேண்டியதில்லை. சென்னையிலே இசைத் தொழில்நுட்பம் சொல்லித் தருகிற பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் ஆடுகிறவன் காலைப் பார்த்து அடிக்கிற வித்தையை இந்த மண்ணிலே ஓசியிலே கற்றுக்கொள்ளலாம்.

நடுவர் அவர்களே! பிறருக்காகக் காத்திருக்கவும், பிறர் அடியைப் பார்த்துத் தன் அடியை வைக்கவும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற தொழில் அவனைக் கெடுக்குமா? வளர்க்கிறது என்றே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. இந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறபோது என் மகள் பார்ப்பாள். அம்மாடி, அன்றைக்குக் கொடையிலே நான் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டேனே, அதுக்கு அர்த்தம் ‘அப்பா தப்புப் பண்ணிட்டேன்’ங்கிறதுதான். நீ அப்பவே புரிந்துகொண்டிருப்பாய். இருந்தாலும் ஊரறியத் திட்டினவன் ஊரறியச் சொல்ல வேண்டாமா? சொல்லிவிட்டேன்.



(நீண்ட கைத்தட்டல்)